பழி யார் தலையில்?

ஒரு குழந்தை தோற்க வேண்டும் என்பதற்காகவே ஒரு விளையாட்டைச் செய்து, அதை அந்தக் குழந்தையின் கையிலேயே கொடுக்கலாமா?

கேள்வியைக் கேட்டதுமே உங்களில் பலருக்குச் சிரிப்பு வரும். "விளையாட்டு என்றால் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. தோற்காமல் எந்தப் பிள்ளை வளர்ந்தது?" என்பீர்கள். ரொம்ப நியாயம். தோற்றுப் பழகாத பிள்ளை பின்னால் தானும் பாடுபட்டுப் பிறரையும் பாடுபடுத்தும் என்பதற்குத் தெருவுக்கு ஓர் உதாரணம் கிடைக்கும். நான் கேட்பது வேறு. அது தோற்றால் நமக்கு இன்னும் கொஞ்சம் பணம் வரும் என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கை அதனிடமிருந்து மறைத்து, அதைத் தோற்கடிக்கலாமா என்பதே கேள்வி.

இது கற்பனையல்ல. இப்படி ஒரு காரியம் நடந்தது. செய்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. செய்த பொருளும் மட்டமானதல்ல, அழகானது. அதனால்தான் விஷயம் யோசிக்கத் தகுந்ததாகிறது. கெட்டவன் மட்டமான சரக்கைத் தலையில் கட்டினால் அதில் யோசிக்க என்ன இருக்கிறது? போலீஸ்காரர் பார்த்துக்கொள்வார்.

1994-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் டிஸ்னி நிறுவனத்தார் 'தி லயன் கிங்' என்ற சித்திரப் படத்தை வெளியிட்டார்கள். ரோஜர் அல்லர்ஸ், ராப் மின்காஃப் என்ற இருவர் டைரக்ட் செய்தது. உங்கள் வீட்டுக் குழந்தைகளோடு நீங்களும் பார்த்திருப்பீர்கள். இல்லை என்றாலும் கதை சிறியதுதான். சிங்க ராஜா முஃபாசாவுக்கு சிம்பா என்று ஒரு குட்டி. ராஜாவின் தம்பி ஸ்காருக்குச் சிம்மாசனத்தின் மேல் கண். குட்டியை ஒரு பள்ளத்தாக்கில் தனியே உட்கார வைத்துவிட்டுக் கழுதைப்புலிகளை ஏவி, பெரும் மிருகக் கூட்டமொன்றை மிரட்டி அங்கே ஓடவிடுகிறான். மகனைக் காப்பாற்ற வந்த தகப்பன் பாறையைப் பிடித்து மேலே ஏறும்போது, அண்ணன் என்றும் பாராமல் அவனைக் கீழே தள்ளிவிடுகிறான். ராஜா மிதிபட்டுச் சாகிறான்.

கொலையைவிடக் கொடுமையான காரியம் அதன் பிறகு நடக்கிறது. பிணத்தின் அருகில் அழுதுகொண்டிருக்கும் குட்டியிடம் ஸ்கார் வருகிறான். 'உன்னால்தானே உன் அப்பா செத்தார், இனி உன் தாயின் முகத்தில் எப்படி விழிப்பாய்' என்ற பொருளில் இரண்டு வார்த்தை பேசுகிறான். அவ்வளவுதான். குட்டி ஊரைவிட்டு ஓடிப்போகிறது. வளர்ந்து, பிடரி மயிர் முளைத்து, பெரிய சிங்கமான பிறகும் தகப்பனைக் கொன்றவன் தானே என்ற எண்ணத்தைச் சுமந்துகொண்டு அந்நியக் காட்டில் பூச்சி தின்று காலம் கழிக்கிறது. செய்தவன் ஒருவன், லாபம் அடைந்தவனும் அவனே, பழியைச் சுமந்தது குழந்தை. குழந்தைகளுக்கான படத்தில் இவ்வளவு ஆழமான பாவத்தை வைத்தவர்களை நான் மெச்சுகிறேன்.

அதே ஆண்டின் இறுதியில், கிறிஸ்துமஸ் வியாபாரத்தை ஒட்டி, அந்தப் படத்தை வைத்து ஒரு வீடியோ விளையாட்டு வந்தது. சூப்பர் நின்டெண்டோ, சேகா ஜெனிசிஸ் என்ற, டெலிவிஷனோடு இணைத்து ஆடும் பெட்டிகளுக்காகச் செய்தது. படத்தை வரைந்த டிஸ்னியின் சித்திரக்காரர்களே இதற்கும் வரைந்து கொடுத்தார்கள். லாஸ் வேகாஸ் நகரிலிருந்த வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம் அதை ஆட்டமாக அமைத்தது. வர்ஜின் என்ற நிறுவனம் வெளியிட்டது. வெஸ்ட்வுட்காரர்கள் சாமானியர்கள் அல்லர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னே, 1992-ல், அவர்கள் செய்த 'டியூன் 2' என்ற யுத்த விளையாட்டைப் பின்பற்றிப் பின்னால் ஒரு பெரிய வம்சமே உருவாயிற்று.

ஆட்டத்தில் சிம்பா குட்டியாகத் தொடங்கிப் பத்துக் கட்டங்களைத் தாண்டிச் சிங்கமாகி, கடைசியில் ஸ்காரோடு மோத வேண்டும். பாறைக்குப் பாறை, கிளைக்குக் கிளை தாவித் தாவிப் போக வேண்டும். இந்த ஜாதி விளையாட்டுக்குப் 'பிளாட்ஃபார்ம்' விளையாட்டு என்று பெயர். அந்தக் குட்டி நடப்பதைப் பார்த்தாலே போதும், கையிலெடுத்துக் கொஞ்சத் தோன்றும். குட்டியாக இருக்கும்போது அதன் கர்ஜனை பூனைக்குட்டியின் சீறலைப் போலிருக்கும். முதல் கட்டத்தில் முள்ளம்பன்றி, ஓணான், வண்டு என்று சில்லறை எதிரிகள். எந்தக் குழந்தையும் கொஞ்ச நேரத்தில் தாண்டிவிடும்.

இரண்டாவது கட்டம் வருகிறது.

படத்தில் இந்தப் பகுதிதான் கொண்டாட்டத்தின் உச்சம். எப்போது ராஜாவாவோம் என்று குட்டி பாடிக்கொண்டு, காவலுக்கு வந்த பறவையை ஏமாற்றிவிட்டு, காட்டு மிருகங்களோடெல்லாம் கும்மாளம் போடுகிறது. ஆட்டத்தில் அதே பாட்டு, அதே வண்ணங்கள். ஒட்டகச்சிவிங்கிகளின் தலையை மிதித்துத் தாவ வேண்டும். தீக்கோழி மேலேறிச் சவாரி செய்ய வேண்டும். குனிய வேண்டிய நொடியில் குனியாவிட்டாலும் குதிக்க வேண்டிய நொடியில் குதிக்காவிட்டாலும் தீர்ந்தது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குரங்குகள் இருக்கின்றனவே, அவைதான் விஷயம்.

மரத்துக்கு மரம் குரங்குகள் தொங்குகின்றன. சிம்பாவைப் பிடித்து ஒன்று இன்னொன்றிடம் எறிகிறது. அது வேறொன்றிடம் எறிகிறது. சிலவற்றைப் பார்த்துக் கர்ஜித்தால் அவை திசை மாறித் திரும்பிக்கொள்ளும். எவற்றைத் திருப்ப வேண்டும், எவற்றை அப்படியே விட வேண்டும் என்று கண்டுபிடித்தால்தான் வழி. ஒன்றைத் தவறாகத் திருப்பினால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டியதுதான். உயிர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. இன்று இவ்வளவு போதும், நாளைக்கு விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்ற சலுகையும் கிடையாது. எல்லா உயிரும் போனால் மறுபடி முதலிலிருந்து. பத்தில் இரண்டாவது கட்டம் இது! ஆறு வயதுக் குழந்தை, தான் பார்த்து அழுத படத்தின் குட்டிச் சிங்கமாகவே ஆகிவிடலாம் என்று ஆசைப்பட்டு உட்கார்ந்த குழந்தை, இந்தக் குரங்குகளிடம் மாட்டிக்கொண்டு மாலை முழுவதும் பந்தாகப் பறக்கிறது.

ஏன் இப்படி வைத்தார்கள்? ஆட்டம் செய்தவர்களுக்குக் குழந்தைகளின் சக்தி தெரியவில்லை போலும் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வெஸ்ட்வுட் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான லூயி காஸில் பல ஆண்டுகள் கழித்து ஒரு பேட்டியில் காரணத்தைச் சொன்னார். தெரியாமல் நடந்ததல்ல அது. வாடகைக்கு எடுத்துப் போகிறவர்கள் வாடகைக் காலத்துக்குள் ஆட்டத்தில் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் முன்னேறிவிடக் கூடாது என்பது டிஸ்னி தரப்பின் நிபந்தனை. முன்னேறிவிட்டால் விலைக்கு வாங்க மாட்டார்கள் என்பது அவர்கள் கண்ட கணக்கு. ஆகவே, தொடக்கத்திலேயே ஒரு கதவை இழுத்துச் சாத்தினார்கள். குரங்குகள்தான் அந்தக் கதவு.

வாடகை என்றேன். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அக்காலத்து அமெரிக்காவில் சினிமா வீடியோவைப் போலவே இந்த விளையாட்டுக் கார்ட்ரிட்ஜ்களையும் கடைகள் வாடகைக்கு விட்டன. பிளாக்பஸ்டர் என்ற கடை ஊருக்கு ஊர் கிளை விரித்திருந்தது. கார்ட்ரிட்ஜின் விலை ஐம்பது அறுபது டாலர். வாடகையோ சில டாலர்கள்தான். வெள்ளிக்கிழமை மாலை எடுத்துப் போய் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆடித் தீர்த்துவிட்டால் வாங்குவானேன்? கடைக்காரர் ஒரு பிரதியை வாங்கி நூறு தடவை வாடகைக்கு விட்டாலும் அதைச் செய்தவர்களுக்குக் கிடைப்பது ஒரு பிரதியின் பணம்தான்.

அவர்கள் மனக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. சட்டத்தின் வாசலிலும் நின்று பார்த்தார்கள். இசைத்தட்டுகளை வாடகைக்கு விடக்கூடாது என்று 1984-லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. 1990-ல் கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கும் அதே பாதுகாப்புக் கிடைத்தது. ஆனால், விளையாட்டுப் பெட்டிகளின் கார்ட்ரிட்ஜ்களுக்கு மட்டும் அந்தச் சட்டம் விலக்கு அளித்துவிட்டது. அதற்கு முந்தின ஆண்டில் நின்டெண்டோ நிறுவனம் பிளாக்பஸ்டர் மேல் ஒரு வழக்குப் போட்டது. எதற்காக? விளையாட்டோடு வரும் கையேட்டை நகலெடுத்துக் கொடுத்ததற்காக! வாடகையைத் தடுக்க முடியவில்லை, காகிதத்தையாவது தடுப்போம் என்று கிளம்பினார்கள். பெரிய மனிதர்கள் சண்டை போடும்போதும் எவ்வளவு சின்ன இடங்களைத் தேடிப் பிடிக்கிறார்கள் பாருங்கள்.

ஆக, வியாபாரிக்கும் வியாபாரிக்கும் வழக்கு. சட்டம் ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தோற்ற பக்கத்தார் என்ன செய்யலாம்? மறுபடி சட்டசபைக்குப் போகலாம். கடைக்காரரோடு பங்கு பேசலாம். ஆட்டத்தை இன்னும் நீளமாக, வாரக்கணக்கில் ஆடத்தக்கதாகச் செய்யலாம். அதற்குச் செலவும் நாளும் பிடிக்கும். எல்லாவற்றிலும் மலிவான வழி, மூன்றாவது ஆசாமி ஒருவனை நடுவில் நிறுத்தி அவன் தலையில் கட்டுவது. அந்த மூன்றாவது ஆசாமிக்கு ஆறு வயது.

"நீர் மட்டும் என்ன யோக்கியர்? உங்கள் தொடர்கதைக்காரர்கள் செய்வதும் இதுதானே?" என்று கேட்கிறவர்கள் இருப்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கதாநாயகி கதவைத் திறக்கிறாள். உள்ளே நிற்பவரைப் பார்த்து, "ஆ! நீங்களா?" என்று அலறுகிறாள். அங்கே 'தொடரும்' என்று போட்டுவிடுகிறோம். உள்ளே நிற்பது யார் என்று தெரிய வேண்டுமானால் வாசகி ஒரு வாரம் காத்திருந்து அடுத்த இதழைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இதுவும் சூழ்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால், அந்தச் சூழ்ச்சியில் ஒளிவுமறைவு இல்லை. 'தொடரும்' என்ற சொல் கொட்டை எழுத்தில் அச்சாகி இருக்கிறது. எழுத்தாளன் நம்மை இழுக்கிறான் என்று வாசகிக்குத் தெரியும். அவனைத் திட்டிக்கொண்டே அடுத்த இதழை வாங்குவாள். கதவுக்குப் பின்னால் நிற்பவர் யாரென்று தெரியாமல் போனதற்குத் தன் படிப்பு போதாததுதான் காரணம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

இப்படி வைத்துப் பாருங்கள். வாடகை நூல்நிலையத்தில் தன் நாவலின் ஒரே பிரதியை ஐம்பது பேர் படிக்கிறார்கள் என்று ஓர் எழுத்தாளனுக்குக் கோபம். அந்தக் கோபத்தில் இரண்டாவது அத்தியாயத்தை மட்டும் வேண்டுமென்றே சிக்கலாக்கி, ஒரு வாரத் தவணைக்குள் யாராலும் தாண்ட முடியாதபடி எழுதிவிடுகிறான். நூல்நிலையத்தில் எடுத்த பெண் நாலு நாள் முட்டி மோதிப் பார்க்கிறாள். "எனக்கெல்லாம் இது எங்கே புரியப் போகிறது" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். இதைத்தான் அந்தக் குரங்குகளுக்கு ஈடாகச் சொல்லலாம். காசு போனது பெரிதல்ல. தன்னைப் பற்றி அவள் நினைத்துக்கொண்டாளே, அது பொய். அந்தப் பொய்யை அவள் மனசில் வைத்தவன் எழுத்தாளன்.

கடைவீதிகளிலும் பொழுதுபோக்குக் கூடங்களிலும் நின்ற காசு போடும் விளையாட்டு யந்திரங்களும் குழந்தைகளைச் சீக்கிரம் தோற்கடிக்கத்தான் செய்தன. அங்கே குழந்தை தன் கையாலேயே காசைப் போடுகிறது. இந்தக் காசுக்கு இத்தனை உயிர் என்ற பேரம் அதன் கண்ணெதிரே இருக்கிறது. நம் பரமபதத்திலும்தான் பெரிய பாம்பு சொர்க்கத்துக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. ஆனால், பாட்டியையும் அது விழுங்குகிறது, பேரனையும் விழுங்குகிறது. யாரை விழுங்கினாலும் யாருக்கும் காலணா லாபமில்லை.

கஷ்டம் கொடுப்பதில் பாவம் இல்லை. வாத்தியார் கஷ்டமான கணக்கைப் போடச் சொல்கிறார். போட முடியாத பையனிடம் அவர் சொல்வது, "உனக்கு இன்னும் வரவில்லை" என்பது. அது உண்மை. உண்மையாக இருப்பதனால்தான் அது வலித்தாலும் பையனுக்கு உரமாகிறது. அந்த விளையாட்டும் அதையேதான் சொன்னது. "உனக்கு இன்னும் வரவில்லை, மறுபடி முயன்று பார்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னது. உண்மையில் சொல்லியிருக்க வேண்டியது என்ன? "உன் அப்பா இன்னும் முழு விலையைக் கொடுக்கவில்லை" என்பது. முதல் வாக்கியத்துக்கும் இரண்டாவது வாக்கியத்துக்கும் எவ்வளவு தூரம்! ஒன்று குழந்தையின் விரலைப் பற்றியது. மற்றது பெரியவர்களின் கல்லாப்பெட்டியைப் பற்றியது. கல்லாப்பெட்டியின் குறையை விரலின் குறையாக மாற்றிச் சொல்லிவிட்டார்கள்.

பள்ளத்தாக்கில் நின்ற குட்டியிடம் ஸ்கார் செய்ததும் இந்த மாற்றம்தானே? மிருகக் கூட்டத்தை ஏவியவன் அவன். அதில் அகப்பட்ட குழந்தையிடம், 'உன்னால்தான்' என்றான். எந்தப் பாவத்தைப் படம் அவ்வளவு உருக்கமாகக் காட்டிற்றோ, அந்தப் பாவத்தின் சின்னஞ்சிறு நகலைப் படத்தின் பெயரைத் தாங்கிய விளையாட்டே செய்தது. ஒரு கொலையையும் ஒரு விளையாட்டையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். எடை வேறு, ஒப்புக்கொள்கிறேன். எடை வேறாக இருந்தாலும் தராசு ஒன்றுதான்.

இதில் எனக்கே ஒரு சங்கடம் உண்டு. வாரக்கணக்கில் மல்லாடி அந்தக் குரங்குகளைத் தாண்டிய குழந்தைகள் இருக்கிறார்களே, அவர்கள் பெற்ற பெருமை என்ன ஆவது? எந்தக் குரங்கு எந்தப் பக்கம் எறியும் என்று கவனித்து, மனத்தில் வைத்து, முறை தவறாமல் செய்து முடித்தவன் பெற்றது போலிப் பெருமையா? இல்லை. பூட்டைப் போட்டவன் எந்த எண்ணத்தோடு போட்டிருந்தாலும் திறந்தவனின் கெட்டிக்காரத்தனம் திறந்தவனுடையதுதான். அதை யாரும் அவனிடமிருந்து பறிக்க முடியாது. வளர்ந்த பின் அவர்கள் அந்த ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு ஆசையோடு பேசுகிறார்கள்! அந்தக் குரங்குகளை வைது பேசுவதிலேயே ஒரு பாசம் தெரியும்.

ஆனால், பேசுகிறவர்கள் யார் என்று கவனிக்க வேண்டும். ஜெயித்தவர்கள் பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை கார்ட்ரிட்ஜைப் பையில் போட்டு, "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று கடைக்கு அனுப்பிவிட்டு வேறு வேலை பார்க்கப் போன பெண்குழந்தை பேசுவதில்லை. அவளுக்கு அது ஒரு கதையாகவே மிஞ்சவில்லை. எல்லாக் கடினமான சோதனைகளையும் பற்றி நாம் நல்லதாகவே கேள்விப்படுவதற்கு இதுதான் காரணமோ என்று சில சமயம் தோன்றும்.

இன்னொரு வேடிக்கை. முன்வாசலை இப்படிப் பூட்டியவர்கள் பின்வாசலில் ஒரு சாவியையும் ஒளித்து வைத்திருந்தார்கள். சூப்பர் நின்டெண்டோ ஆட்டத்தில், தொடங்குவதற்கு முன் வரும் ஒரு திரையில் சில பொத்தான்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால், வேண்டிய கட்டத்துக்கு நேரே போகலாம். அடிபடாத உடம்பையும் வாங்கிக்கொள்ளலாம். செய்தவர்கள் தங்கள் சௌகரியத்துக்காக வைத்துக்கொண்டது அது. மெல்ல மெல்ல வெளியே கசிந்து, பள்ளிக்கூடத்து இடைவேளைகளில் காதோடு காதாகப் பரவிற்று. கட்டளைக்குக் கீழ்ப்பட்ட கலைஞர்களின் மனச்சாட்சி அந்தப் பொத்தான்களில் இருந்தது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. நாவலாசிரியனின் ஆசை, நம்ப வேண்டியதில்லை.

பத்தாவது கட்டத்தை எட்டியவர்களுக்கும் ஒரு புதிர் காத்திருந்தது. பாறை உச்சியில் ஸ்காரை எவ்வளவு பிராண்டினாலும் அவன் களைப்பானே தவிர ஒழியமாட்டான். விளிம்புக்கு இழுத்து வந்து, பிடித்துத் தூக்கி எறிய வேண்டும். அதை அந்த இடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. படத்தில் இதே உச்சியில்தான் ஸ்கார் கர்வம் தாங்காமல், உன் தகப்பனைக் கொன்றவன் நான்தான் என்று சிம்பாவின் காதோரம் கிசுகிசுக்கிறான். அந்த ஒரு நொடியில் இத்தனை வருஷத்துப் பழி குட்டியின் முதுகிலிருந்து இறங்குகிறது. அடுத்த நொடி அது சிங்கமாகப் பாய்கிறது. ஆட்டத்தை முழுவதும் ஆடி முடித்த குழந்தைக்கும் அப்படி ஒரு கிசுகிசுப்பு வந்திருக்கலாம். வரவில்லை. வளர்ந்து பெரியவனான பிறகு, லூயி காஸிலின் பேட்டியில்தான் வந்தது. அவர் சொன்னது கர்வத்தினால் அல்ல. ஒரு தொழில்காரர் தம் தொழிலின் உள் விஷயத்தை மனம்விட்டுச் சொன்னார். சொல்லாமலே இருந்திருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்கப் போவதில்லை. அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

யாரை ஜெயிப்பதற்காக அந்தக் குரங்குகளை நிறுத்தினார்களோ, அந்த பிளாக்பஸ்டர் நிறுவனம் 2010-ல் திவாலாயிற்று. குரங்குகள் திவாலாகவில்லை. 2019-ல் அந்த ஆட்டத்தை, அதே டிஸ்னியின் 'அலாதீன்' ஆட்டத்தோடு சேர்த்து, இன்றைய யந்திரங்களுக்காக மறுபடி வெளியிட்டார்கள். குரங்குகள் அதே மரங்களில் அப்படியே தொங்குகின்றன. ஒரு வித்தியாசம் உண்டு. இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் ஆட்டம் பின்னோக்கி ஓடும். தவறான குரங்கைத் திருப்பிவிட்டால், திருப்புவதற்கு முந்தின கணத்துக்குப் போய்ச் சரியாகச் செய்துகொள்ளலாம். வேண்டுமானால் ஆட்டம் தானே ஆடிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்து, பிடித்த இடத்தில் நாம் புகுந்துகொள்ளலாம்.

1994-ல் ஆடிய குழந்தைகளில் பலர் இன்று தகப்பனார்களாக இருப்பார்கள். மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவன் கூச்சமில்லாமல் பொத்தானை அழுத்திக் காலத்தைத் திருப்பி, அரை மணியில் இரண்டாவது கட்டத்தைத் தாண்டிப் போவதைக் கண்டு அப்பாவுக்குக் கொஞ்சம் பொறாமையாகவும், கொஞ்சம் அவமானமாகவும்கூட இருக்கும். "நாங்களெல்லாம் எப்படிக் கஷ்டப்பட்டோம் தெரியுமா?" என்று வாய்வரை வந்துவிடும். பையன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏன் அப்பா, இந்தக் குரங்குகளை மட்டும் இவ்வளவு கஷ்டமாக வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்பான். இந்தக் கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. 1994-ல் இதையே கேட்ட பையனுக்கு, "நீ இன்னும் கொஞ்சம் பழகு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள் அவன் அம்மா. அவளுக்கும் அன்றைக்கு வேறு பதில் தெரியாது.